பயிற்சிப் பதிவில் எழுதும் முதல் பொய்க் கணக்கு

சீஏ படிக்கிற பிள்ளையைக் கண்டால் எங்கட சனத்துக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது. "சோதனை எப்ப?" அதுக்குப் பிறகு, "இன்னும் எத்தனை பாடம் கிடக்கு?" கலியாண வீட்டிலும் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். "இந்தக் கிழமை கந்தோரில என்ன வேலை செய்தனீ?" என்று கேட்ட ஒருவரை நாங்கள் இதுவரை காணவில்லை. பட்டயக் கணக்காளர் ஆவதற்குப் பரீட்சை ஒரு பாதி என்றால் மூன்று வருடச் செய்முறைப் பயிற்சி மற்றப் பாதி. அந்த மற்றப் பாதி வீட்டாருக்கு ஒரு காத்திருப்பு, ரியூசன் ஆசிரியர்களுக்கு ஒரு இடைஞ்சல், பல நிறுவனங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் கைகள். ட்ரெயினிகளான நாங்களோ மறியலில் இருக்கிறவர்கள் மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகப் பயிற்சிக்குச் சேருகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லப்படுகிற புத்திமதிகள் எல்லாருக்கும் பாடம். நேரத்துக்குப் போ, பணிவாய் இரு, ஆங்கிலம் பழகு, எக்செல் பழகு, பார்ட்னரின் கண்ணில் நல்ல பிள்ளையாய்ப் படு. இவற்றில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் பயிற்சி நன்றாக அமைவதும் அமையாததும் ட்ரெயினியின் நடத்தையில் மட்டும் தங்கியிருப்பதாக இந்தப் புத்திமதிகள் எங்களை நம்ப வைக்கின்றன. ஒருவரும் வாயைத் திறக்காத விசயம் வேறொன்று. அது பயிற்சிப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பயிற்சியில் இருக்கிற ஒருவர் எந்த வகை வேலையை எவ்வளவு காலம் செய்தார் என்று பதிந்துகொண்டு வரவேண்டும். கணக்கீடு, கணக்காய்வு, வரி, முகாமைத்துவக் கணக்கீடு என்று அது விரியும். மேற்பார்வை செய்கிற உறுப்பினர் அதைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடப்பது என்ன? கொடுக்கவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முந்தி, போன வருசம் முடித்துப்போன ஒரு அண்ணாவின் பதிவு வாட்ஸ்அப்பில் வந்து சேருகிறது. தேதியும் கிளையன்ட் வகையும் மாறுகின்றன, மிச்சம் அப்படியே ஏறுகிறது. ஒரு வரிப் பத்திரத்தைக் கண்ணால் காணாதவர் வரி வேலையில் இத்தனை நாள் என்று எழுதுகிறார். ஒரு களஞ்சியத்துக்குள்ளும் கால் வைக்காதவர் இருப்புக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டதாக எழுதுகிறார். மேலே இருக்கிறவர் ஒரு மத்தியானத்தில் பத்துப் பேருடையதைச் சேர்த்து உறுதிப்படுத்திவிடுகிறார். எல்லா இடத்திலும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்காக உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கையெழுத்து வைக்கிற பார்ட்னர்மார் இருக்கிறார்கள், அவர்களிடம் பயின்றவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். ஆனால் மற்றது அபூர்வம் என்று மட்டும் யாரும் எங்களிடம் சொல்ல வரவேண்டாம்.

இதையே ஒரு கிளையன்டின் களஞ்சியப் பொறுப்பாளர் செய்திருந்தால், பார்க்காத சரக்கைப் பார்த்ததாக எழுதியிருந்தால், நாங்கள் அதை என்னவென்று எழுதுவோம்? பொய்யாகத் தயாரித்த ஆவணம் என்று. பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தொழிலிடம் விற்பதற்கு இருக்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்து. "நான் பார்த்தேன், நம்பலாம்" என்ற சொல். 2002இல் பிரமுக வங்கி விழுந்தபோதும், 2008 முடிவில் கோல்டன் கீ விழுந்தபோதும் காசு போட்டிருந்த சனத்தில் எத்தனை பேருக்கு ஐந்தொகை வாசிக்கத் தெரிந்திருக்கும்? யாரோ தெரிந்தவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தானே ஓய்வூதியக் காசையும் மகளின் சீதனக் காசையும் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த "யாரோ தெரிந்தவராக" வரப்போகிற பிள்ளை தன்னுடைய பயிற்சிக் காலத்திலேயே, தன்னுடைய பெயரிலேயே, செய்யாததைச் செய்ததாக எழுதப் பழகுகிறது. அதைப் பழக்குகிறவர்கள் அந்தத் தொழிலின் பெரியவர்கள்.

"சின்ன விசயம், எல்லாரும் செய்யிறதுதானே" என்பார்கள். சின்ன விசயம் இல்லை. பதிவைப் பொய்யாக நிரப்ப முடியும் என்பதால்தான் வேலையை உண்மையாகத் தரவேண்டிய தேவை நிறுவனத்துக்கு இல்லாமல் போகிறது. முழு நோயும் அந்த இடத்திலேதான் இருக்கிறது.

ரிக் போடுகிற வேலையையே எடுத்துப் பாருங்கள். முதல் நாள் ஒரு சீனியர் வந்து லெட்ஜரையும் ஒரு கட்டு வவுச்சரையும் தந்து, "இதைப் பாத்து ரிக் போடு" என்பார். போடுகிறோம். பச்சைப் பேனையில் அழகாகப் போடுகிறோம். ஏன் லெட்ஜரிலிருந்து வவுச்சருக்குப் போகிறோம், ஏன் வவுச்சரிலிருந்து லெட்ஜருக்கு வரவில்லை என்று அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒரு வருசம் கழித்துக் கணக்காய்வுப் பாடத்தில் "உண்மையில் நிகழ்ந்ததா", "முழுமையாகப் பதியப்பட்டதா" என்று இரண்டு சொல் வரும்போது அதைப் பாடமாக்கி எழுதிச் சித்தியடைகிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போதும் விளங்குவதில்லை. லெட்ஜரில் இருந்து பத்திரத்துக்குப் போனால் இல்லாத செலவைப் பதிந்திருக்கிறார்களா என்று தெரியும். பத்திரத்தில் இருந்து லெட்ஜருக்கு வந்தால் இருந்த விற்பனையைப் பதியாமல் விட்டிருக்கிறார்களா என்று தெரியும். விற்பனையை மறைக்கிற ஒரு கடையில் நீங்கள் லெட்ஜரில் இருக்கிற விற்பனைக்கு ஆயிரம் ரிக் போட்டாலும் ஒன்றும் பிடிபடாது. மறைத்த விற்பனை லெட்ஜரில் இல்லையே! இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் மூன்று வருடமாக ஒருவரும் தருவதில்லை.

மலையகத்தில் ஒரு தேயிலை ஆலைக்குப் போகிற ட்ரெயினியை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள், சிறுதோட்டக்காரருக்குக் கொடுத்த காசு, தராசுப் பதிவு எல்லாம் மேசையில் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாக ரிக் போட்டால் மூன்று நாள் போகும், எல்லாம் சரியாகவும் இருக்கும். கொஞ்சம் தொழிற்சாலைக்குள் போய், ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு கொழுந்து வேணும் அண்ணே என்று கேட்டால், நாலரை கிலோவுக்கு மேல், ஐந்துக்குள் என்று பதில் வரும். அதாவது நூறு கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயிலை. இனிப் புத்தகத்துக்கு வாருங்கள். மாதத்தில் ஒரு லட்சம் கிலோ கொழுந்து வாங்கியதாகக் கிடக்கிறது. 21,000 கிலோவுக்குக் குறையாமல் தேயிலை வந்திருக்க வேண்டும். பதிவில் 17,000 தான் இருக்கிறது என்றால்? வராத கொழுந்துக்கு யாருக்கோ காசு போயிருக்கிறது, அல்லது வந்த தேயிலை பதியாமல் வெளியே போயிருக்கிறது. மழைக்காலத்துக் கொழுந்தில் தண்ணிப் பாரம் கூட, அதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். சில வேளை விளக்கம் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு வவுச்சரையும் திறக்காமல் எந்த வவுச்சர்க் கட்டைத் திறக்கவேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பகுப்பாய்வு நடைமுறை என்று பாடப் புத்தகம் சொல்லுகிற சாமான் இதுதான். கிளிநொச்சியில் அரிசி ஆலை என்றால் நெல்லுக்கும் அரிசிக்கும் இதே கணக்கு.

இப்படிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மூன்று வருடம் போதாது. கேட்காதவர்களுக்கு மூன்று மாதமே அதிகம், மிச்சமெல்லாம் அதே மூன்று மாதத்தின் பிரதி.

போன வருச பைலைப் பார்த்து எழுதுகிற பழக்கத்தையும் இதிலேயே சொல்லிவிடவேண்டும். "போன வருசம் என்ன செய்திருக்கு எண்டு பாத்துச் செய்" என்பதுதான் இந்தத் துறையின் தேசிய கீதம். பைலைப் பார்ப்பது தப்பில்லை, அது ஒரு வரைபடம். ஆனால் 2022இல் பயிற்சியில் இருந்தவர்களைக் கேளுங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மார்ச் 31ஆம் தேதி 300க்குக் கிட்டப் போய்விட்டது. டொலரில் கடன் வைத்திருந்த கம்பனிகளின் முழு வருட இலாபமும் அந்த ஒரு மாதத்தில் கரைந்தது. அதே வருசம் ஜூன் 1இல் பெறுமதிசேர் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆனது, செப்டெம்பர் 1இல் 15 ஆனது, பிறகு 2024 ஜனவரி 1இல் 18. ஓகஸ்ட் 30இல் சாமான் கொடுத்து செப்டெம்பர் 2இல் இன்வொய்ஸ் அடித்தால் எந்த வீதம்? போன வருச பைலில் அந்தக் கேள்வியே இல்லை. அந்தக் காலத்தில் யோசித்து வேலை செய்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையை ஆசையோடு சொல்லுகிறார்கள். வீதத்தை மட்டும் மாற்றிப் போன வருசத்தைப் படியெடுத்தவர்களுக்கு அது இன்னொரு வருசம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் சில மூத்தவர்களுக்குக் கோபம் வருகிறது. "நாங்களும் போட்டோகொப்பி அடிச்சுத்தான் வந்தனாங்கள். அதுவும் படிப்புத்தான்." ஒத்துக்கொள்கிறோம். முதல் மூன்று மாதம் போட்டோகொப்பி அடித்து, பைலுக்கு இலக்கம் போட்டு, கூட்டல் சரிபார்த்தால் ஒரு கணக்காய்வு பைல் எப்படி நிற்கிறது என்று விளங்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் பதினெட்டாவது மாதத்திலும் அதே பிள்ளை அதே கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் படிப்பு இல்லை. பயிற்சி என்ற பெயரில் குறைந்த கொடுப்பனவுக்கு எழுதுவினைஞர் வேலை வாங்குவது. "நாங்கள் பட்டனாங்கள், நீங்களும் படுங்கோ" என்பது ஒரு வாதமே இல்லை, அது பகிடிவதையின் தர்க்கம். பல்கலைக்கழகத்தில் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிற நாங்கள் கந்தோருக்குள் போனதும் அதையே ஒழுக்கம் என்று சொல்லிக் கும்பிடுகிறோம்.

இரவு பத்து மணிக்கு ஒரு கிளையன்டின் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கிற ட்ரெயினியின் நிலை இன்னும் விசித்திரமானது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கிறார். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் போயிருக்கிறதா என்று கணக்குப் போடுகிறார். ஒரு சதம் பிசகினாலும் குறிப்பெழுதுகிறார். தன்னுடைய கொடுப்பனவுத் துண்டில் அந்த வரிகள் இருக்கின்றனவா, தன்னுடைய ஒப்பந்தத்தில் வேலை நேரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதியே கையில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். முதலில் அதை வாங்கி வாசியுங்கள். கணக்காய்வு அதிலிருந்து தொடங்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு நடப்பதைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். வெளியூர் வேலை வந்தால், "அவ பொம்பிளைப் பிள்ளை, தங்க வசதியில்லை, விடுங்கோ" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அக்கறை மாதிரித்தான் கேட்கும். வீட்டிலும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் தேயிலை ஆலையும் களஞ்சியமும் மீன்பதனிடும் நிலையமும் வெளியூரில்தான் இருக்கின்றன. மூன்று வருடம் முடியும்போது பொடியனின் கையில் பத்துக் களவேலை இருக்கும், அவளுடைய கையில் பத்து வங்கிக் கணக்கிணக்கக் கூற்று இருக்கும். பிறகு நேர்முகத்தில் "இவருக்கு அனுபவம் கூட" என்பார்கள். பாதுகாப்பான அறையும் திரும்பி வர வாகனமும் ஒழுங்குசெய்வது நிறுவனத்தின் வேலை. கூட்டிக்கொண்டு போகாமல் விடுவது அதற்கு மாற்று இல்லை. இரவு எட்டுக்குக் கதவைப் பூட்டுகிற வெள்ளவத்தைப் போடிங் அன்ரிமாரோடு மாரடிக்கிற வேலையையும் அவளிடமே விடுகிறோம்.

வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு மொழியும் ஒரு சுவர். கிளையன்டின் கணக்குப் பிரிவில் இருபத்தைந்து வருசமாக இருக்கிற அந்த ஐயாவோ அம்மாவோதான் உண்மையான பாடப் புத்தகம். அவர் பேசுவது சிங்களம். தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு மேசையில் கூடியிருந்து ஒருவர் மூலமாக எல்லாக் கேள்வியையும் கேட்பித்தால் மற்ற இரண்டு பேரும் பயிலவில்லை. உடைந்த சிங்களத்தில் கேளுங்கள், சிரிப்பார்கள், பதிலும் சொல்லுவார்கள். ஊரிலேயே சின்ன நிறுவனத்தில் பயில்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு. வங்கிக்கு ஒரு கணக்கு, இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு கணக்கு, முதலாளியின் லாச்சிக்குள் ஒரு கணக்கு என்று கடைக்காரரைப் பற்றிச் சொல்லுகிற பகிடி பழையது. அந்த முதல் இரண்டையும் தட்டச்சு செய்யச் சொல்லி உங்களிடம் தந்தால் அது பகிடி இல்லை. "இந்த இலக்கத்துக்கு ஆதாரம் எங்கே சேர்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதை உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள்.

சரி, பதிவை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்றைக்கே எழுதுங்கள். செய்ததை மட்டும் எழுதுங்கள். "விற்பனை சோதித்தேன்" என்று எழுதாமல், எந்தத் திசையில் சோதித்தேன், எத்தனை எடுத்தேன், ஏன் அவற்றை எடுத்தேன், என்ன பிழை கண்டேன் என்று எழுதுங்கள். கிளையன்டின் பெயரையும் இலக்கங்களையும் உங்கள் சொந்தக் கொப்பியில் எழுத வேண்டாம், இரகசியம் காப்பதும் பயிற்சிதான். செய்யாததற்கு வெற்றிடம் விடுங்கள். ஆறு மாதத்தில் அந்த வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வரியில் ஒன்றுமில்லை. இருப்புக் கணக்கெடுப்பில் ஒன்றுமில்லை. வங்கி உறுதிப்படுத்தல் கடிதம் ஒன்றையாவது நாங்களே அனுப்பி, பதில் கிளையன்டின் கையில் படாமல் நேரே எங்களுக்கு வந்ததா என்று பார்த்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு மனேஜரிடம் போங்கள். "எனக்குக் கற்றுத் தாருங்கோ" என்று கெஞ்சுகிற பிள்ளைக்கு, "பாப்பம்" என்ற பதில் போதும். "சேர், இந்தப் பகுதி வெறுமையாக் கிடக்கு, அடுத்த காலாண்டில உறுதிப்படுத்த வரேக்க நீங்களும் கேப்பியள், அதுக்கு முதல் ஒரு வரி பைலில என்னைப் போடுங்கோ" என்று சொல்லுகிற பிள்ளைக்கு "பாப்பம்" போதாது. அந்த வெற்றிடத்துக்குப் பொறுப்பு அவருக்கும் இருக்கிறது. நிரப்பிய பொய் அவரைக் காப்பாற்றுகிறது, உண்மையான வெற்றிடம் அவரை வேலை தரச் சொல்லுகிறது.

ஒரு ஆள் போய்க் கேட்டால் அடங்காத பிள்ளை என்பார்கள். ஒரே தொகுதியில் சேர்ந்த ஆறு பேரும் வெற்றிடத்தோடு போனால் அது நிறுவனத்தின் வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை ஆகிவிடும். ட்ரெயினிகள் தங்களுக்குள் பரீட்சைக் குறிப்புகளைப் பரிமாறுகிற வேகத்தில் இதைப் பேசுவதில்லை. யாருக்கு எந்த வேலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும், யார் கொழும்பு, யார் ஊர், யார் பொடியன், யார் பிள்ளை என்பதெல்லாம் தன்பாட்டில் தெரியவரும்.

"பதிவை வெறுமையாய்க் கொடுத்தால் பயிற்சிக் காலம் நீளுமே, கலியாணமும் வேலையும் பிந்துமே" என்று வீட்டில் கேட்பார்கள். நீளலாம். அதனால்தான் கடைசி மாதத்தில் இல்லாமல் ஆறாவது மாதத்திலேயே போகச் சொல்லுகிறோம். அப்போது திருத்த இரண்டரை வருடம் இருக்கிறது. பேசியும் எழுதிக் கேட்டும் ஒன்றும் அசையாத இடமாக இருந்தால், பயிற்சி நிலையம் மாறுவதற்கும் நடைமுறை உண்டு. அதுவும் முதல் வருடத்தில் லேசு, மூன்றாம் வருடத்தில் கஷ்டம்.

பார்ட்னர்மாருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்று யோசித்தோம், வேண்டுகோள் தேவையில்லை. உங்களிடம் வரும் பயிற்சிப் பதிவை ஒரு கிளையன்டின் ஆவணமாக நினைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு இரண்டு பதிவை எடுங்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கெடுப்பில் என்ன கண்டனீர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.

மார்ச் 31 வருகிறது. எத்தனையோ களஞ்சியங்களில் கணக்கெடுப்பு நடக்கும். போகிறவர்கள் தாளில் இருக்கிற சாமானை அறைக்குள் தேடுவதோடு நிற்காமல், அறைக்குள் இருக்கிற சாமான் சிலவற்றைத் தாளிலும் தேடுங்கள். மூலையில் தூசு பிடித்துக் கிடப்பது எத்தனை வருசப் பழசு என்று கேளுங்கள், அன்றிரவே எழுதுங்கள். அனுப்பப்படாதவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஏப்ரல் முதல் கிழமையில் மனேஜரின் கதவைத் தட்டுங்கள்.